தாத்தா உழுத பாறை

பண்ணையார் கோட்டைச்சாமிக்கு ஊர்ப் பொது மேய்ச்சல் காட்டின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். "எங்க தாத்தா ஏர் கட்டி உழுத நிலமாக்கும் இது!" என்று சபையில் துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தார். கையோடு, வேலி போடுகிற இருளாயியைக் கூப்பிட்டார். அவளுடைய ஆடுகளும் அந்தக் காட்டில்தான் மேய்ந்தன.

"நாட்டாமை பார்க்க வர்றதுக்குள்ள வேலிக்கால் எல்லாம் முழங்கால் ஆழத்துல நிக்கணும். கல்லைக் குவிச்சு நிறுத்தினே, உன் ஆடெல்லாம் என் பட்டிக்கு வந்துடும்!"

இருளாயி கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். ஒரு சாண்கூட இறங்கவில்லை, பொறிதான் பறந்தது. இடம் மாற்றி மாற்றிப் போட்டாள். எங்கும் பாறை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாட்டாமை ஊரோடு வந்தார். ஒரு கால்கூட நிற்காததைப் பார்த்துப் பண்ணையார் குதித்தார்.

இருளாயி எழுந்து கும்பிட்டாள். "உங்களுக்குத்தான் காத்திருக்கேன் ஐயா. உங்க தாத்தா உழுத இடத்தை மட்டும் காட்டுங்க. கலப்பை இறங்கின மண்ணுல என் கடப்பாரை இறங்காமலா போயிடும்?"

ஊர் கொல்லென்று சிரித்தது. வீம்புக்குப் பண்ணையாரே கடப்பாரையைப் பிடுங்கிக் குத்தினார். 'ணங்'கென்ற சத்தத்தில் மேய்ந்த ஆடுகளெல்லாம் தலை தூக்கிப் பார்த்தன.

"கோட்டைச்சாமி, உங்க தாத்தா உழுதாரா, அம்மி கொத்தினாரா?" என்றார் நாட்டாமை.

காடு ஊருக்கே ஆயிற்று. பொய்ச் சத்தியத்துக்கு அபராதமாக வேலிக்கால்கள் இருளாயிக்கு. அன்று சாயங்காலமே அவை அந்தப் பாறை மேல் ஜம்மென்று நின்றன, அடியில் கல்லைக் குவித்து, அவள் ஆட்டுப்பட்டிக்கு.