மஞ்சள் துணி கட்டிய சேவல்

காங்கயத்துக்குத் தெற்கே, ஓடைக்கரையில் ஒரு குரு கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். குருவுக்குக் கோழி எதற்கு என்று கேட்காத ஆள் ஊரில் கிடையாது. "திங்கத்தான்" என்பார் அவர். அவர் பெயர் அம்பலவாணன். ஊர் வைத்த பெயர் கோழிக்குரு.

வயது முப்பத்தைந்துகூட இருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். என்ன ஞானத்தைக் கண்டு வந்தார்களோ, பாதி நேரம் அங்கே கோழிக்கு வைத்தியம்தான் நடக்கும்.

மாராத்தாளும் அப்படி வருகிறவள்தான். நாற்பது வயது. தோட்டத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு முட்டை, விருந்தாளியாக ஒரம்பரை வந்தால் குழம்பு. பிடிப்பது, அறுப்பது, மஞ்சள் பூசி வாட்டுவது எல்லாம் அவளேதான். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

ஆனி மாதம் அவளுடைய எட்டு வயது மகள் மரகதம் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நாலு மாதம் மாராத்தாள் இந்தப் பக்கமே வரவில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் வந்தாள். கக்கத்தில் ஒரு செவலைச் சேவல். அதன் காலில் மஞ்சள் துணி முடிந்திருந்தது.

குரு சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் நசுக்கித் தவிட்டில் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளுக்குக் கழிச்சல் கண்டிருந்தது.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரலீங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போகோணும்."

"கேளுங்க."

"புள்ளைக்கு நல்லானா அறுத்துப் படைக்கறேன்னு கருப்பராயனுக்கு இதை நேந்து விட்டிருந்தேன். புள்ளைதான் போயிட்டாளே. இனி எதுக்குங்க அவனுக்குச் சேவல்?"

"வேண்டாம்னா விட்ருங்க."

"எப்படிங்க விடறது? நேந்ததைக் குடுக்காட்டி அவன் சின்னவனையும் எடுத்துக்குவான்னு எம் மாமியா சொல்றாங்க. போன வாரம் சின்னவன் நாலு தும்மல் தும்மிட்டான். அதுலிருந்து வீட்டுல இதே பேச்சு. நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போகோணும். எங்க வீட்டுக்காரரு அருவாளத் தீட்டி வெச்சுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. நான் சொன்னாத்தான் நிக்கும். நேந்தது நானில்லீங்களா?"

சேவல் அவள் கையில் திமிறியது. கீழே விடப்போனாள்.

"விட்றாதீங்கக்கா. கழிச்சல் ஒட்டிக்கும்."

மாராத்தாள் பதறிப்போய் அதை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முந்தானையால் அதன் காலைக்கூடத் துடைத்துவிட்டாள். குரு பிசைவதை நிறுத்தினார்.

"காலைல அறுக்கப் போறீங்க. அதுக்குக் கழிச்சல் வந்தா என்ன, வராட்டி என்ன?"

அவளுக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"இத்தனை கோழியில இதை எதுக்கு நேந்தீங்க?"

"கோயிலுக்கு விடறது நல்லதா இருக்கோணுமில்லீங்க? மத்ததெல்லாம் நோஞ்சான். இதொண்ணுதான் கெத்தா நின்னுச்சு."

"இதொண்ணு மட்டும் எப்படி?"

"மரகதம் வளத்துனதுங்க. குஞ்சுல பருந்து தூக்கிப் போட்டுட்டுப் போயிருச்சு. பொழைக்காது, தூக்கி எறின்னேன். அவதான் துணியில சுத்தி, அரிசிய மென்னு ஊட்டிக் காப்பாத்துனா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பை ஒரு பக்கங் கெடக்கும், இவ சேவலோட ஒரு பக்கங் கெடப்பா. தட்டுல பாதிச் சோறு இதுக்குத்தான். எத்தனை திட்டியிருப்பேன்."

"நேந்துக்கறப்ப அவளைக் கேட்டீங்களா?"

மாராத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதமாக எத்தனையோ பேர் துக்கம் விசாரித்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"எங்கீங்க கேட்டேன்? கட்டில்ல படுத்துக்கிட்டு நான் துணி கட்டறதைப் பாத்துட்டா. எனக்கு நல்லானா இதை அறுத்துருவியாம்மான்னா."

"நீங்க?"

"உனக்கு நல்லாகட்டும் சாமி, வேற நல்ல குஞ்சாப் புடிச்சுத் தர்றேன்னேன். வேற வேண்டாம்மா, இதை அறுக்காதன்னா. அப்படிச் சொல்லக்கூடாது சாமி, கருப்பராயன் கோவிச்சுக்குவான்னு வாயப் பொத்திட்டேன்."

"அப்புறம்?"

"அன்னைக்கிருந்து மருந்து குடிக்க மாட்டேன்னுட்டா."

குரு தவிட்டுச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பல்லைக் கடிச்சுக்குவா. மூக்கைப் புடிச்சு ஊத்தினோம், துப்பிட்டா. அவங்கப்பன் ஒரு அடிகூட அடிச்சாரு. காய்ச்சல் வேகத்துல பண்றாள்னுதாங்க நெனச்சோம். ரெண்டு நாள் இப்படியே போச்சு. மூணாம் நாளு பெரியாஸ்பத்திரிக்கு வண்டி புடிச்சோம். போய்ச் சேர்றதுக்குள்ள…"

சேவலை மடியில் வைத்துக்கொண்டே அழுதாள். அழட்டும் என்று குரு விட்டுவிட்டார். வேறு என்ன செய்வார்?

கொஞ்ச நேரம் கழித்து அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ அறுக்காதன்னதை வெளியில யார்கிட்டயும் சொல்லலீங்க. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இதுக்காகத்தான் அவ மருந்தைத் துப்புனாளா? நல்லாகிட்டா இதை அறுத்துருவாங்கன்னு நல்லாகாமயே இருந்துக்கிட்டாளா? நான் நேந்துக்கிட்டதுதான் எம் புள்ளையக் கொன்னுச்சா?"

"எனக்குத் தெரியாதுங்கக்கா."

"குருவுக்கே தெரியலீன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா இன்னைக்கு ஒரு நாள் தூங்குவீங்க. நாளைக்கு?"

குரு தவிட்டை உருட்டி நோய்க்கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊட்டினார். தின்னாத ஒன்றின் அலகைப் பிரித்துத் தள்ளினார். அதுவும் துப்பியது. அவர் மறுபடி ஊட்டவில்லை, தடவிக் கூடைக்குள் விட்டுவிட்டார்.

"சரிங்க" என்றாள் மாராத்தாள். "தெரிஞ்சதையாவது சொல்லுங்க. காலைல இதை அறுக்கறதா, வேண்டாமா?"

"யாருக்கு விட்ட சேவலுங்கக்கா?"

"சாமிக்கு விட்டதுதானுங்க."

"அப்ப சாமி என்ன கேட்டுச்சோ அதைச் செய்யுங்க."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? கருப்பராயன் எங்கிட்ட எப்பப் பேசுனான்?"

குரு கையைக் கழுவிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் கருப்பராயனைச் சொல்லலீங்கக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்துச்சே, அந்தச் சாமியைச் சொன்னேன்."