நிஷாவின் ஸ்லைடு

தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரியில், உடற்கூறு பாடம் நடத்தும் ஜெசிந்தா மேடத்திடம் இரண்டு பேர் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி ரஹ்மத் நிஷா. படிப்பை முடித்த கையோடு வந்தவள். இன்னொருத்தி பொன்மலர். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் டாக்டராக இருந்து பிரசவம் பார்த்தவள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மேடத்தைவிட வயதில் மூத்தவள்.

மூத்தவளாக இருந்ததால் வந்த வினைதான் எல்லாம். மேடம் அவளை "டாக்டர், நீங்க" என்பார். மற்றவளை "நிஷாம்மா, இங்க வா" என்பார். மரியாதை கிடைத்தவளுக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகளின் பெட்டியில் விலைக்கு வாங்கியது எதுவும் இருக்காது. மேற்படிப்புக்காரர்கள் உடல் திசுவைத் தங்கள் கையால் சீவிச் சாயமேற்றியதைத்தான் வைப்பார்கள். சீவியவர் பெயர் ஓரத்தில் இருக்கும். சினைப்பை ஸ்லைடு பழசாகி வெளுத்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

பொன்மலருக்கு அந்த இடம் வேண்டும். எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்தியவள், அவர்கள் தொடங்கும் இடத்தைத் தன் கையால் சீவி எடுத்ததில்லை. தன் பெயர் போட்ட கண்ணாடியில் ஒரு சினைமுட்டை இருக்கும் என்று நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

மேடம் ஆளுக்கொரு மெழுகுக் கட்டி கொடுத்தார். உள்ளே சினைப்பைத் துண்டு. அதை மைக்ரோடோம் கருவியில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஏடு ஏடாகச் சீவி வரும்.

பொன்மலர் சீவிப் பார்த்த முதல் ஏட்டில், முட்டை வளரும் அறை தெரிந்தது. சுற்றிலும் செல்கள் வரிசையாக நின்றன. நடுவில் வெறும் வெள்ளை. முட்டையைக் காணோம்.

பரவாயில்லை என்று மறுபடி சீவ உட்கார்ந்தாள். அப்போதுதான் பக்கத்து மேசையில் மேடத்தின் குரல் கேட்டது.

"அடடே, நிஷாம்மா. என்ன அழகா விழுந்திருக்கு."

சக்கரத்தின் மேலிருந்த பொன்மலரின் கை நின்றுவிட்டது.

"அக்கா, நீங்களும் வந்து பாருங்க," என்றாள் நிஷா. கள்ளமில்லாத பெண். அதுவே பொன்மலருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போய்ப் பார்த்தாள். உருண்டையாக முட்டை, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம், அதையும் சுற்றி மொய்த்து நிற்கும் சின்னச் சின்னச் செல்கள். நல்லா இருக்கு என்று வாயால் சொன்னாள். திரும்பி வந்து, தன் கட்டியை மைக்ரோடோமிலிருந்து கழற்றி மேசை டிராயரில் போட்டாள்.

நிஷா டிபன் பாக்ஸை நீட்டியபோது பசிக்கவில்லை என்றாள். பசித்தது. நிஷா கிளம்பிப் போனதும் மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க டாக்டர்."

"அவளுக்கு மட்டும் ஏன் நல்ல கட்டியாக் குடுத்தீங்க?"

"நல்ல கட்டின்னா?"

"முட்டை இருக்கிற கட்டி. சின்ன வயசுப் பொண்ணோட சினைப்பையா இருக்கும். எனக்கு என் வயசுக்காரியோடதக் குடுத்திட்டீங்க. எல்லாம் வத்திப்போனது."

ஜெசிந்தா மேடம் சிரிக்கவில்லை.

"ரெண்டும் ஒரே பொம்பளையோடது. ஆபரேஷன்ல எடுத்த ஒரே சினைப்பை. நான்தான் ரெண்டா வெட்டி மெழுகில வச்சேன்."

பொன்மலருக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் விட மனமில்லை.

"அப்போ நல்ல பாதி அவளுக்குப் போயிருக்கு."

மேடம் எழுந்தார்.

"உங்க கட்டிய எடுத்திட்டு வாங்க."

டிராயரில் கிடந்த கட்டி வந்தது. மேடம் அதை மைக்ரோடோமில் மாட்டினார். சக்கரத்தைக் காட்டினார்.

"சுத்துங்க."

"இது காலி, மேடம்."

"யாரு சொன்னா?"

"நான் பாத்தேன்."

"எத?"

பொன்மலர் தான் சீவிய அந்த ஒரே ஏட்டைப் பார்த்தாள். சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள்.

கத்தி முனையிலிருந்து மெழுகு ஏடுகள் நாடாவாக நீண்டு வந்தன. மேடம் அவற்றை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடியில் ஏந்திக்கொண்டார். காயவைத்து, சாயத்தில் முக்கி, கழுவி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அறை காலி. மறுபடியும் காலி.

"நான்தான் சொன்னேனே," என்றாள் பொன்மலர். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"சுத்துங்க," என்றார் மேடம்.

பிறகு வந்த ஏட்டில், அறையின் சுவரில் ஓரிடத்துச் செல்கள் உள்பக்கமாகக் கொஞ்சம் மேடு தட்டியிருந்தன. அடுத்ததில் மேடு பெரிதானது. அதற்கும் அடுத்த கண்ணாடியை மேடம் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். தான் பார்க்காமல் நகர்ந்துகொண்டார்.

பொன்மலர் குனிந்தாள்.

இருந்தது. சுவரை ஒட்டி, ஓர் ஓரத்தில், இளஞ்சிவப்பு வளையத்துக்குள். இத்தனை நாள் அதை ஊட்டி வளர்த்த சின்னச் செல்கள் சுற்றிலும் நெருங்கி நின்றன. பொன்மலருக்குக் கண் கலங்கியது. முட்டையும் கலங்கித் தெரிந்தது. இமையைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

வெகுநேரம் அவள் நிமிரவில்லை.

கடைசியில் பொன்மலர், குனிந்தபடியே, மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், இது நிஷாவோடதவிட அழகா இருக்கா?"

"அது தெரியணும்னா, நீங்க இதில இருந்து கண்ண எடுக்கணும்."