பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்

இருட்டி அரை மணி ஆகியிருக்கும். மறந்து வைத்த டிபன் கேரியரை எடுக்க ஆஸ்பத்திரியின் பின்பக்க நடைபாதையில் வந்துகொண்டிருந்த ஞானதுரை சட்டென்று நின்றார். எங்கேயோ தகரக் கூரையில் தூறல் விழுந்தது. பொடுபொடுவென்று, விட்டு விட்டு.

கையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பாளையங்கோட்டை வானத்தில் மேகமே இல்லை. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அந்தக் கட்டடத்தில் தகரக் கூரையும் கிடையாது.

தூறலுக்கு நடுவே "டம்" என்று ஓர் அடி விழுந்தது. மறுபடி தூறல். மறுபடி "டம்."

சத்தம் ஊசிச் சோதனை அறையிலிருந்து வந்தது.

தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அங்கே ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடாகவும் ஒலிபெருக்கியில் சத்தமாகவும் ஆக்கி, நரம்பு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அறை அது. இருபது வருஷம் மலையடிவாரத்தில் காய்ச்சலும் பாம்புக்கடியும் பார்த்த டாக்டர் ஞானதுரை, நாற்பத்தெட்டு வயதில் அங்கே மாணவராகச் சேர்ந்திருந்தார். சொல்லிக்கொடுக்கும் டாக்டர் பியூலாவுக்கு முப்பத்தைந்து. முதல் நாள் ஞானதுரை கிண்டலாக "டீச்சர்" என்றார். பியூலா பதிலுக்கு "அண்ணாச்சி" என்றார். இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டன.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்தாழ்ப்பாள் போடாமல் ஊசி எடுக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, சேலையை ஒதுக்கி, பயந்துபோய்ப் படுத்திருக்கும் மனுஷரின் மானம் அந்த இரும்புத் தாழ்ப்பாளில் இருக்கிறது என்பார் பியூலா. கூடவே இன்னொன்றும் சொல்வார்: "தாழ்ப்பாளைத் தள்ள முடியாத கை இந்த ரூம்ல இருக்கக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இரண்டு மாதமாகத் தாழ்ப்பாள் போடுவதும் ஊசி பிடிப்பதும் ஞானதுரைதான். "நீங்க பழகணும் அண்ணாச்சி" என்று பியூலா ஒதுங்கி நின்றபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது கதவைத் தொட்டார். திறந்துகொண்டது.

உள்ளே பியூலா தனியாக உட்கார்ந்திருந்தார். வலது கையில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி. இடது கையால் அதை அசையாமல் பிடித்திருந்தார்.

"நல்லா இருக்கே டீச்சர்! தாழ்ப்பாள் போடாம ஊசியா? சட்டம் எனக்கு மட்டும்தானா?"

"இந்த வலது கையால போட முடிஞ்சா போட்டிருக்க மாட்டேனா அண்ணாச்சி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது ஞானதுரைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊசி நிற்கிற இடத்தைப் பார்த்தார். அங்கே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. இரண்டு மாதம் பக்கத்திலேயே நின்றும் அவர் கண்ணில் படாத குழி.

"எப்ப தெரிஞ்சது?"

"பாப்பாவோட யூனிஃபார்ம் பொத்தானைப் போட முடியல. விரல் வழுக்கி வழுக்கிப் போகுது. அம்மா விளையாடுறான்னு நெனச்சு அவ கெக்கெக்கேன்னு சிரிச்சா." பியூலா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சென்னையில எல்லாம் பார்த்தாச்சு. மோட்டார் நியூரான் நோய்." தசையை ஆட்டும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும், மருந்தில்லாத நோய்.

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு எழுதியது. இந்த அறையை டாக்டர் ஞானதுரையிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று இரண்டே வரி. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"காலையில தேதி போட்டுக் கொடுத்துடுவேன்," என்றார் பியூலா.

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அழறதா இருந்தா வெளியே போய் அழுங்க. இல்லேன்னா சீக்கிரம் இங்க வாங்க! ஒண்ணு காட்டணும். யார்கிட்ட காட்டுறதுன்னு ஒரு மணி நேரமா தவிச்சுக்கிட்டு இருக்கேன்."

முகத்தைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தார்.

"விரலை இறுக்குறேன். என்ன கேக்குதுன்னு சொல்லுங்க."

டம். டம். டம்.

ஞானதுரை துள்ளிவிட்டார். "பெரிய சத்தம் டீச்சர்! கோடு திரையைத் தாண்டிப் போகுது! இது பலமான கை. சென்னைக்காரங்க தப்பாச் சொல்லியிருக்காங்க!"

"பெயில்."

"என்ன?"

"பெயில்னு சொன்னேன். போன வாரம் உங்க கையிலயே உங்களை ஊசி வெக்கச் சொல்லி, முழு பலத்தோட இறுக்கச் சொன்னேனே, எப்படிக் கேட்டுச்சு?"

"லாரியில இருந்து ஜல்லி கொட்டுற மாதிரி. எதையும் தனியாப் பிரிச்சுக் கேக்க முடியல."

"நானும் இப்போ முழு பலத்தோடதான் இறுக்குறேன். ஒரே ஒரு மேளம்தான் கேக்குது. மத்த சத்தமெல்லாம் எங்க போச்சு?"

ஞானதுரை ஒலிபெருக்கியின் பக்கம் காதைத் திருப்பினார்.

"நான் படிச்ச கான்வென்ட்ல ஒரு வருஷம் டீச்சர்மாருக்கு வரிசையா அம்மை போட்டுச்சு," என்றார் பியூலா. "பத்து வகுப்பு, பத்து டீச்சர். ஒவ்வொருத்தரா வராம நின்னாங்க. டீச்சர் வராத வகுப்புல பிள்ளைங்க என்ன செய்யும்?"

"சளசளன்னு பேசும்."

"வெளியே வரும்போது தூறல் மாதிரி கேட்டிருக்குமே? அதுதான். நரம்பு விட்டுப்போன தசை இழைங்க, கேக்க ஆளில்லாம தனக்குத்தானே முணுமுணுக்குது. கழுத்துக்குள்ள தண்டுவடத்துல ஒரு செல். அதுல இருந்து ஒரே ஒரு நூல் கிளம்பி விரல் வரைக்கும் வருது. நோய் வந்தா நூல் நுனியில இருந்து பட்டுக்கிட்டே போகும். செல்லும் சுருங்கிடும். அதை நம்பியிருந்த இழைங்க அநாதை."

"அப்போ அந்த டம்?"

"எங்க வகுப்பு டீச்சர் சிஸ்டர் பெர்னதெத்! ரெண்டு வகுப்புக்கும் நடுவுல இருந்த கதவைத் திறந்து, 'வாங்கடி எல்லாரும்'னு இழுத்துக்கிட்டாங்க. அடுத்த நாள் இன்னொரு வகுப்பு. பெஞ்சுக்கு ஆறு பேர், தரையில இருபது பேர். அவங்க 'ஸ்டாண்ட் அப்'னு சொன்னா தொண்ணூறு பேர் ஒண்ணா எழும்புவோம். கீழ் மாடி அதிரும். என்ன சண்டைன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆள் விட்டுக் கேட்டாங்க."

ஞானதுரை திரையைப் பார்த்தார். "பக்கத்து செல்லு, தன்னோட நூல்ல கிளை விட்டு, அநாதை இழைங்களையும் பிடிச்சுக்குது."

"பாஸ்! இப்போ இன்னும் கிட்ட வாங்க. பெரிய அலை போகுதா? அதோட வாலைப் பாருங்க."

டம். பெரிய அலைக்குப் பின்னால் குட்டியாக ஒன்று எழும்பியது. அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி எழும்பியது. அதற்கடுத்த தடவை வரவே இல்லை.

"போன மாசம் இது இல்ல அண்ணாச்சி! பழைய பதிவோட ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். இந்த ஒரு மாசத்துல முளைச்ச கிளை! பிந்திச் சேர்ந்த பிள்ளை. இன்னும் வகுப்பு பழகல. எப்போ எழும்பணும்னு தெரியல."

"அந்தா! வந்துட்டு!"

"இப்போ?"

"காணோம்... இல்ல, இருக்கு! இந்தப் பக்கமாப் போயி நிக்கி!"

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். வராத தடவை ஞானதுரை தொடையில் அடித்துக்கொண்டார். வந்த தடவை பியூலா "வா கண்ணு, வா" என்றார்.

பிறகுதான் ஞானதுரை கேட்டார். "அந்த சிஸ்டருக்கு என்ன ஆச்சு டீச்சர்?"

"ஜனவரியில அவங்களுக்கும் அம்மை போட்டுச்சு."

அறையில் தூறல் மட்டும் கேட்டது.

"அப்போ இந்தக் கிளையும்..."

"பட்டுடும்."

"தெரிஞ்சேதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அப்புறம் எதுக்கு டீச்சர் இவ்வளவு சந்தோஷம்?"

பியூலா ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினார். ஒலிபெருக்கி அடங்கியது. புது ஊசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து ஞானதுரையின் முன்னால் வைத்தார்.

"இடது கையையும் பார்க்கணும். குத்தப் போறது நீங்க."

ஞானதுரை பழக்கத்தில் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட எழுந்தார்.

"உக்காருங்க."

பியூலாவே கதவருகே போனார். பழைய இரும்புத் தாழ்ப்பாள் அது. வருஷா வருஷம் பெயின்ட் அடித்து அடித்துத் தடித்துப்போனது. அதன் குமிழை வலது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தார். தள்ளினார். விரல் வழுக்கியது.

மறுபடி பிடித்தார். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

ஞானதுரை தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். உதவப் போய்விடுமோ என்று அந்தக் கைகளை நினைத்தே அவருக்குப் பயமாக இருந்தது.

பியூலா கையை உதறிக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். மூன்றாவது தடவை குமிழைப் பிடித்து, தன் கைக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்ல ஏதோ சொன்னார். ஞானதுரைக்கும் அது கேட்டுவிட்டது.

"ஸ்டாண்ட் அப்."

தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்ந்து, டக்கென்று உள்ளே போய் விழுந்தது.

சிவந்துபோன விரல்களைப் பாவாடைச் சிறுமி மாதிரி வாயருகே வைத்து ஊதிக்கொண்டே பியூலா திரும்பினார்.

"தேதி கிடக்கட்டும் அண்ணாச்சி. ஊசியைப் பிரிங்க."