ஆணி அடிக்கக் கூடாத வீடு

ஒரு காட்டின் ஓரத்தில் கரட்டூர் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது, பிள்ளைகளே. சொந்த வளை இல்லாத விலங்குகளெல்லாம் அங்கேதான் வாடகைக்குக் குடியிருந்தன.

அந்த ஊருக்கு வீடு தேடி வந்தாள் பவுனு என்ற முள்ளம்பன்றி. நிறைமாதக் கர்ப்பிணி. இருந்த வளையை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஐப்பசி மழையோ இன்றா நாளையா என்று நின்றது. அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் குட்டிகளை ஈரத்தில்தான் ஈன வேண்டும்.

ஏறிய வாசலிலெல்லாம் ஒரே பதில்தான்.

"ஐயையோ! சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு நாங்க கண்டிஷன் போடுறோம். நீ உடம்பெல்லாம் ஆணியோட வந்து நிக்கிறியே!"

கடைசியில் தரகர் காகம் அவளைச் சிங்காரம் என்ற நரியிடம் கூட்டிப்போனது. சிங்காரம் உச்சி வெயிலில் மட்டும்தான் வீடு காட்டுவான். வேறு நேரத்தில் போனால், "சாவியைத் தொலைச்சிட்டேன்" என்பான். வளைக்கு ஏது சாவி? அதை யாரும் கேட்டதில்லை.

"காத்தோட்டமான வீடும்மா. வாடகை மாசம் ஒரு கூடை கிழங்கு. அட்வான்ஸ் பத்துக் கூடை. சுவத்துல உரசாம நடக்கணும். ஆணி கீணி அடிச்சே, மறுநாளே காலி பண்ணணும்" என்றான் சிங்காரம்.

நரிக்குக் கிழங்கு எதற்கு என்கிறீர்களா? வீட்டுக்காரர்களுக்கு எதுவும் வேண்டும்!

"பத்துக் கூடையா! நான் சேர்த்து வச்சதே மூணு கூடைதாங்க" என்றாள் பவுனு.

"சீக்கிரம் சொல்லும்மா. ஒரு முயல் குடும்பம் நாளைக்கே அட்வான்ஸ் தர்றேன்னு நிக்குது" என்று அவசரப்படுத்தியது காகம்.

நரி வீட்டுக்கு முயல் குடிவருகிறதாம்! பவுனு சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஓர் இடத்தில் மட்டும் புதிதாக மண் பூசியிருந்தது.

"இது என்னங்க பூச்சு?"

"அதுவா? நீ வர்றேன்னு அழகுபடுத்தி வச்சேன்."

"சரிங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. பேய் மழை! ஊரே வளைக்குள் ஓடி ஒளிந்தது. பவுனு மட்டும் புதரடியிலிருந்து எழுந்து, வயிற்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு, அந்த வீட்டைப் பார்க்கப் புறப்பட்டாள். என்ன துணிச்சல் பாருங்கள்! நல்ல வளையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தப் புத்தி வராது.

உள்ளே, பூச்சு என்ன ஆனதோ என்று தன் வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த சிங்காரம் கொட்டாங்கச்சிகளை ஏந்திக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். ஒன்று நிரம்புவதற்குள் இன்னொரு இடத்தில் ஒழுகியது. புதுப் பூச்சு கூழாகக் கரைந்து அவன் மூக்கிலேயே விழுந்தது.

"வீட்டுக்காரரே, உள்ளேயே குளிக்கிற வசதி இருக்குன்னு மத்தியானம் சொல்லலையே!" என்றாள் பவுனு.

சிங்காரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஊர்ல சொல்லிடாதே தாயி. அப்புறம் எவனும் குடிவர மாட்டான்."

"சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது? எனக்கு வேண்டியது வீடு. இந்த ஒழுகலை நான் நிறுத்திக் காட்டுறேன். அட்வான்ஸை ரெண்டு கூடையாக்குங்க. வாடகை நீங்க சொன்னதே இருக்கட்டும், மாசம் தவறாது."

"நிறுத்திட்டா சரி. எப்படி நிறுத்துவே?"

"ஆணி அடிச்சுத்தான்."

சிங்காரம் வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு சொட்டு அதிலும் விழுந்தது. "அடிம்மா, அடி!" என்றான்.

பவுனு தேக்கிலைகளைக் கொண்டுவந்தாள். உடம்பை ஓர் உலுக்கு உலுக்கி, உதிர்ந்த முட்களைப் பொறுக்கினாள். இலைமேல் இலையாக அடுக்கி, வாசல் பக்கம் சரிவாக வைத்து, ஒவ்வொன்றையும் முள்ளால் கூரையில் குத்தி நிறுத்தினாள். நீர் இலைவழியே ஓடி வெளியே போய் விழுந்தது. தரையில் ஒரு சொட்டு விழ வேண்டுமே! அடேயப்பா, கைகாரி என்றால் அவள்தான்.

மூன்றாம் நாள் அந்த வீட்டில் இரண்டு குட்டிகள் பிறந்தன. வெளியே மழை கொட்ட, இரண்டும் காய்ந்த சருகில் சுகமாகத் தூங்கின. பவுனு அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது.

அப்போது வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் சிங்காரம்.

"தாயி, நான் குடியிருக்கிற வீடும் ஒழுகுது. அங்கேயும் வந்து நாலு ஆணி அடிச்சுத் தர்றியா?"

"அதுக்கென்ன, அடிச்சாப் போச்சு! ஆனா கூலியை இப்பச் சொல்ல மாட்டேன்" என்றாள் பவுனு. "மழை விடுறதுக்குள்ள வந்து வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

நீதி: வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான், மழையில் போய்ப் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.