கோணல் ஆணி

கேளுங்கள். நடுவில் பேசினால் நிறுத்திவிடுவேன்.

வெகு காலத்துக்கு முன்னே, கேட்டால் கடல் பதில் சொன்ன காலத்திலே, சங்குமுனை என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. ராஜா இருந்தார். அவர் பாட்டுக்கு இருந்தார். நமக்கு வேண்டியது துறைமுகத்து ஓரத்தில் இருந்த பாய்க் கொட்டகை. பகலில் அங்கே கப்பல் பாய்களைக் காயப்போடுவார்கள். சாயங்காலம் ஆனால் ஒரு கூட்டம் கூடிக் கப்பல் கட்டும்.

பெரிய கப்பல் இல்லை. முழ நீளம். பொம்மைக் கப்பல்.

எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசை, அவ்வளவுதான். உப்பு விற்கிற பேச்சி வருவாள், குட்டிப் பாய் தைப்பாள். நாவிதர் சிங்காரம் வருவார், அரண்மனைக் குதிரையின் வால்முடியில் கயிறு திரிப்பார். யானைப்பாகன் ஒண்டி வருவார். மொந்தன் வாழைக்காய் மாதிரி விரல்கள். அந்த விரல்களால் நெல்மணி அளவுக்கு நங்கூரம் செதுக்குவார். ஆனால் நிஜப் படகைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

கொட்டகைக்கு இரண்டு வழக்கம் உண்டு.

கட்டின கப்பலைக் குளத்தில் விடும்போது அது கவிழ்ந்தால் ஒருவரும் சிரிக்கக் கூடாது. எல்லோரும் சேர்ந்து, "மூழ்கினாலும் நம்ம கப்பல்!" என்று கத்த வேண்டும். இது ஒன்று.

தன் கப்பலின் கடைசி மர ஆணியைத் தானே அடிக்கக் கூடாது. இது இன்னொன்று. ஏனென்றால், விட்டால் கட்டினவன் முடிக்கவே மாட்டான். இங்கே இழைப்பான், அங்கே சுரண்டுவான், தைத்த பாயைப் பிரிப்பான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பான். கப்பல் கரையிலேயே கிழடாகிவிடும். அதனால் வேறொருவர் வந்து டொக்கென்று அடித்து, "முடிஞ்சுது, எடு" என்று சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் நீலாயி என்று ஒருத்தி. கலங்கரை விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது அவள் வேலை. எந்தக் கப்பல் போயிற்று, எந்தக் கப்பல் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அன்னப்பேடு என்ற கப்பல் வரவில்லை. அதில் சுக்கான் பிடித்தவன் வேம்பன். நீலாயியின் புருஷன்.

ஒரு நாள் காலை கரைக்கு ஒரு கிழட்டு ஆமை வந்தது. முதுகில் பாசி, முகத்தில் எரிச்சல்.

"வேம்பன் பெண்டாட்டி யாரு?"

"நான்தான்."

"உன் புருஷன் கண்ணாடிக் குகையில இருக்கான். மந்திரவாதி மருளன் பிடிச்சு வெச்சிருக்கான். ஏறுறியா, இல்ல நான் போகவா?"

ஏறினாள்.

கடலுக்கு நடுவில் ஒரு குகை. உள்ளே, அலை வந்து தொடுகிற பாறைத் தட்டுகளில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு கப்பல். பொம்மை என்று நினைத்துக் கிட்டே போனாள். மேல்தட்டில் நகத்தளவு மனிதர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நிஜம். மந்திரத்தால் சுருக்கி அடைத்தவை.

அன்னப்பேடு கப்பலைக் கண்டுபிடித்தாள். சுக்கான் பக்கத்தில் வேம்பன் நின்று கையை ஆட்டினான். அவன் ஆள்காட்டி விரல் மட்டும் அசையவில்லை. அது மரமாகியிருந்தது.

"தொடாதே!" என்றது ஒரு குரல்.

ஒல்லியாய், நீளமாய், ஒரு கண்ணில் பளிங்குக் கல் வைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். மருளன்.

"எதுக்கய்யா இவங்களைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் நீலாயி.

"பார்த்துப் படிக்க. நானும் ஒரு கப்பல் கட்டுறேன். உலகத்திலேயே குறையில்லாத கப்பல். அது முடியுறவரைக்கும் மத்தவங்க கப்பலை நான் வெச்சுக்கலாம்னு கடல் வாக்குக் கொடுத்திருக்கு. முடிஞ்சா எல்லாத்தையும் திருப்பித் தரணும்."

"எப்ப முடியும்?"

மூலையில் கறுப்புத் துணி மூடிய ஒன்றைத் தடவினான். "இன்னும் கொஞ்சம்."

"அதுக்குள்ள இவர் மரமாயிடுவார் போலிருக்கே!"

"மூணாம் பௌர்ணமிக்கு முழுசா ஆயிடுவான். உனக்கு அவன் வேணும்னா ஒரு குறையும் இல்லாத கப்பல் ஒண்ணு கட்டிக் கொண்டுவா. மாத்திக்கலாம்."

நீலாயி திரும்பினாள். அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போகவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தேக்குத் துண்டை இழைக்க ஆரம்பித்தாள்.

பேச்சி வந்து கதவைத் தட்டினாள். "ஏடி நீலா! பாயை என்கிட்ட குடு, நான் தைக்கிறேன்."

"வேண்டாம்க்கா."

சிங்காரம் வந்தார். "கயிறு திரிச்சுத் தரவா, தாயி?"

"வேண்டாங்க."

ஒண்டி வந்தார். "தங்கச்சி, நங்கூரம்..."

"இது விளையாட்டு இல்லண்ணே. அவர் உயிரு. நானே செஞ்சுக்கறேன்."

இழைத்தாள், பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடைசி ஆணியையும் தானே அடித்தாள். கதவைத் திறந்தபோது இரண்டாம் பௌர்ணமி வந்துவிட்டது. கரையில் ஆமை முனகியது. "ஏறுறியா, இல்ல நான் போகவா?"

மருளன் பளிங்குக் கல்லைக் கண்ணில் வைத்தான். வெகுநேரம் பார்க்கக்கூட இல்லை.

"பாய் சுருங்கியிருக்கு. கயிறு தாம்புக்கயிறு மாதிரி இருக்கு. இது என்ன, நங்கூரமா, முள்ளங்கியா? எடுத்துட்டுப் போ."

குப்பிக்குள் வேம்பனுக்கு முழங்கை வரை மரமாகியிருந்தது. மற்றக் கையால் சுக்கானைப் பிடித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நீலாயி வெளியே வந்தாள்.

நேரே கொட்டகைக்குப் போனாள். கப்பலை நடுவில் வைத்தாள்.

பேச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிவந்தாள். "இதான் பாயா? என் கருவாட்டுச் சாக்கு இதைவிட நல்லா நிக்கும். நகரு." ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிங்காரம் மடியிலிருந்து வால்முடிக் கற்றையை எடுத்தார். ஏற்கெனவே திரித்து வைத்திருந்தார். "தாயி எப்படியும் வரும்னு தெரியும்."

ஒண்டி நங்கூரத்தை நீட்டினார். அதுவும் தயாராக இருந்தது.

அதற்குமேல் தாங்காமல் நீலாயி அழுதாள். பேச்சி, "அழுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு, பாய் நனையுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நீலாயியும் சேர்ந்து.

பாய் ஏறியது. கயிறு ஏறியது. நங்கூரம் தொங்கியது. இப்படி ஒரு கப்பலை அந்தக் கொட்டகை கண்டதில்லை. தான் அடித்திருந்த கடைசி ஆணியை நீலாயி பிடுங்கிப் போட்டாள். மிச்சம் அந்த ஒரே ஓர் ஆணி.

"ஒண்டியண்ணே, நீங்க அடிங்க" என்றாள் நீலாயி.

ஒண்டிக்கு வியர்த்துவிட்டது. யானையை அதட்டுகிற மனுஷர், குட்டிச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். அடித்தார். ஆணி உள்ளே போயிற்று. கோணலாகப் போயிற்று.

ஒண்டி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பிடுங்கிடவா, தங்கச்சி?"

நீலாயி குனிந்து ஆணியைப் பார்த்தாள். புருஷன் உயிர் அந்தக் கோணல் ஆணியில் தொங்குகிறது. பிடுங்கிவிட்டு நேராக அடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? கை நீண்டுவிட்டது. அப்புறம் மடங்கிவிட்டது. வழக்கம் வழக்கம்தான்.

"முடிஞ்சுது" என்றாள். "எடுங்க."

மூன்றாம் பௌர்ணமி. பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும். ஆமை கரையில் காத்திருந்தது. "ஏறு" என்றது.

வழியெல்லாம் அவள் விரல் அந்த ஆணியைத் தடவிக்கொண்டே போயிற்று.

மருளன் பார்த்தான். பாயைப் பார்த்தான், சும்மா இருந்தான். கயிற்றைப் பார்த்தான், உதட்டைக் கடித்தான். நங்கூரத்தைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். பிறகு பளிங்குக் கல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த ஆணி கோணல்."

"ஆமாம்."

"யார் அடிச்சது?"

"ஒண்டியண்ணன். யானைப்பாகன்."

"உன் கப்பலில் ஒரு யானைப்பாகனை அடிக்க விட்டியா? உனக்கென்ன பைத்தியமா?"

"எங்க கொட்டகை வழக்கம். கடைசி ஆணி கட்டினவர் அடிக்கக் கூடாது. அடிச்சா முடிக்கவே மாட்டாங்க."

மருளன் சிரித்தான். "குறை குறைதான். எடுத்துட்டுப் போ. நானும் என் வேலையைப் பார்க்கணும்." கறுப்புத் துணியை விலக்கினான்.

நீலாயி பார்த்தாள். அடேயப்பா! கருங்காலிக் கப்பல். பளபளவென்று, பாயும் மரமும் கயிறும் அப்படி ஓர் அழகு. முன்பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை. மருளன் கையில் ஒரு மர ஆணி. அதை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான். ராவி ராவி அது ஊசியாகியிருந்தது.

"இந்த ஓட்டைக்கா அது?"

"ஆமாம். இன்னும் சரியா வரல."

"எத்தனை நாளா இதையே செய்யறீங்க?"

"உன் பாட்டன் பிறக்கிறதுக்கு முன்னாலிருந்து." அரம் ஓடியது. "இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம். சாத்திய கதவுக்குப் பின்னால் அவளும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்? அப்போது கதவைத் தட்ட மூன்று பேர் வந்தார்கள். இந்த மனுஷன் கதவை யார் தட்டினார்கள்? ஒருவரும் இல்லை.

குப்பியைப் பார்த்தாள். வேம்பனுக்குக் கழுத்து வரை மரம். கண் மட்டும் அவளைப் பார்த்தது. வெளியே வெயில் சிவந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். தன் கப்பலிலிருந்து அந்தக் கோணல் ஆணியைப் பல்லால் கடித்துப் பிடுங்கினாள். ஓடிப்போய் கருங்காலிக் கப்பலின் ஓட்டையில் வைத்தாள். உள்ளங்கையால் ஒரே அடி.

டொக்!

"ஐயோ!" என்று அலறினான் மருளன். "அது கோணல்!"

"கோணல்தான்" என்றாள் நீலாயி. "ஆனா முடிஞ்சுது. எடுங்க."

கடல் கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்த வாக்கு அதற்கு மறக்குமா? பெரிய அலை ஒன்று நிதானமாகக் குகைக்குள் வந்தது. பாறைத் தட்டுகளிலிருந்து குப்பிகளை ஒவ்வொன்றாக, தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வெளியே போயிற்று. நடுக்கடலில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. கப்பல்கள் வளர்ந்தன. பாய்கள் விரிந்தன. சங்குமுனைத் துறையே எழுந்து நடுக்கடலுக்கு வந்தாற்போல இருந்தது.

அன்னப்பேட்டின் மேல்தட்டிலிருந்து, "நீலா!" என்று ஒரு கூச்சல். குரல் வந்துவிட்டது. கழுத்து வந்துவிட்டது. கை வந்துவிட்டது. முதலில் மரமான ஆள்காட்டி விரல் மட்டும் மரமாகவே நின்றுவிட்டது. போகட்டும்.

மருளன் பாறையில் உட்கார்ந்திருந்தான். கையில் அரம் இருந்தது, ராவ ஒன்றும் இல்லை. அடைத்து வைத்தது அவன்தான். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நீலாயி விடவில்லை.

"கப்பலைத் தூக்கிக்கிட்டு வாங்க" என்றாள். "கட்டினா மிதக்க விட வேண்டாமா?"

"ஏறுறியா, இல்ல நான் போகவா?" என்றது ஆமை, மருளனைப் பார்த்து.

ராஜா கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார். தானும் ஒரு கப்பல் கட்டலாமா என்று கேட்டார். "புதுசா வர்றவங்க முதல்ல மரத்தூள் பெருக்கணும்" என்றாள் பேச்சி. ராஜா பெருக்கினார். மருளனும் பெருக்கினான்.

மருளன் கப்பலைக் குளத்தில் விட்ட அன்று ஊரே வந்தது. எத்தனையோ காலம் இழைத்த கப்பல், ஒரு நாளும் தண்ணீரைப் பார்க்காத கப்பல். விட்டான். ஒரு நொடி நின்றது. அன்னம் போல நின்றது. அப்புறம் மெதுவாகச் சாய்ந்து, குபுக்கென்று போய்விட்டது.

மருளன் முகம் வெளுத்துவிட்டது. சுற்றிப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒண்டிதான் முதலில் வாயைத் திறந்தார், பிறகு ராஜா, பிறகு ஊர் முழுக்க.

"மூழ்கினாலும் நம்ம கப்பல்!"

மருளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினான், எடுத்துவர. மறுநாளே புதுக் கப்பலுக்கு மரம் வெட்டினான். அந்தக் கப்பல் முடிந்தபோது கடைசி ஆணியை அடித்தது வேம்பன். சுத்தியல் எதற்கு? மர விரலாலேயே டொக்கென்று ஒரு அடி.

கோணலாகத்தான் போயிற்று. கப்பல் மிதந்தது. கதை முடிஞ்சுது, எழுந்திருங்கள்.