கவர்னருக்கு ஒரு துணை

"இந்த இன்ஜினுக்குக் கொஞ்சமும் புத்தி இல்லைக்கா," என்றார் நாச்சிமுத்து. "என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

லூர்துமேரி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

அவள் அவரைவிட எட்டு வயது இளையவள். ஆனால் கோத்தகிரி வட்டாரத்தில் புல் வெட்டும் மெஷினோ மருந்தடிக்கும் மெஷினோ எது படுத்தாலும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். அக்கா என்ற சொல் சில நேரம் வயதைக் குறிப்பதில்லை, நிலைமையைக் குறிக்கிறது.

நாச்சிமுத்துவின் நிலைமை இது: அன்னூரில் இருபது வருடம் பைக் மெக்கானிக். இப்போது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதானப் பொறுப்பாளர். சேர்ந்த எட்டே மாதத்தில் இரண்டு புல்வெட்டு மெஷின்கள் அவர் கையில் போய்விட்டன. இரண்டிலும் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு முறிந்து, இன்ஜின் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சனிக்கிழமை விளையாட்டு விழா. மூன்றாவது மெஷினும் போனால் அவரும் போகலாம் என்று முதல்வர் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

என்னதான் செய்கிறது என்று லூர்துமேரி கேட்டாள்.

அடர்ந்த புல்லில் திணறி நின்றுவிடுகிறது, புல் இல்லாத இடத்தில் காட்டுக்கத்தலாகக் கத்துகிறது, நாள் முழுக்க வேக லீவரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை என்றார் அவர்.

அவள் மூடியைக் கழற்றினாள். லீவரிலிருந்து ஒரு கேபிள் நேராக, இன்ஜினுக்குப் பெட்ரோலும் காற்றும் விடும் கார்புரேட்டருக்குப் போயிருந்தது. வேலை படு சுத்தம். அதைப் பாராட்டவும் செய்தாள்.

"இங்க ஒரு ஸ்பிரிங் இருந்திருக்குமே. ஒரு கம்பி. இந்தப் பக்கம் ஒரு தகரம்."

நாச்சிமுத்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து நீட்டினார். மூன்றும் அதற்குள் இருந்தன. மூன்று மெஷினிலும் கம்பெனிக்காரன் ஒரே தப்பைச் செய்திருந்ததாகவும், தான்தான் அதைச் சரிசெய்ததாகவும் சொன்னார்.

"என்ன தப்பு?"

"இன்ஜின் நிக்குது. கார்புரேட்டர் தகடு முழுசாத் திறந்து கிடக்குது. நிக்கிற வண்டி எதுக்குங்க்கா வாயைத் திறந்து வச்சுக்கணும்?"

பைக்கில் அப்படி இல்லை. கையை விட்டால் தகடு மூடிக்கொள்ளும், திருகினால் திறக்கும். கைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மூன்றாம் ஆள் கிடையாது. இருபது வருடம் அவர் அப்படிப்பட்ட இன்ஜின்களோடுதான் குடித்தனம் நடத்தினார்.

லூர்துமேரி எழுந்தாள். மெஷினைக் கடைக்குப் பின்னால் உருட்டிப் போனாள். அங்கே புல் ஓரிடத்தில் முழங்கால் உயரம் நின்றது, அடுத்த இரண்டடியில் மண் தெரிந்தது.

கேபிளைக் கழற்றி எறிந்தாள். கார்புரேட்டர் தகட்டை அசைக்கும் சிறு பிடியின்மேல் அவருடைய ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னாள்.

"நான் தள்ளுறேன். நீங்க கூடவே வாங்க. சத்தம் ஒரே மாதிரி இருக்கோணும். அவ்வளவுதான்."

நாச்சிமுத்து சிரித்தார். சத்தத்தை வைத்தே ஆயிரம் வண்டிகளுக்கு டியூனிங் பார்த்த காது அது.

இடுப்பை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்.

முதல் புதரிலேயே இன்ஜின் நின்றது.

இரண்டாம் முறை முன்கூட்டியே திறந்து வைத்தார். புதர் முடிந்ததும் மெஷின் அலறியது. அவளே அணைத்தாள்.

ஆறாவது முறை இடுப்பு பிடித்துக்கொண்டது.

"புல்லு வருதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அதுக்கு யாரும் சொல்றதில்லைங்ணா," என்று அவள் பையிலிருந்த தகரத்தைக் காட்டினாள்.

அதற்குக் கவர்னர் என்று பெயர். மாளிகை கிடையாது, கொடி கிடையாது. சுழலும் சக்கரத்தின் விசிறிப் பற்களுக்கு எதிரே உட்கார்ந்து காற்று வாங்குவதுதான் மொத்த உத்தியோகம். இன்ஜின் வேகம் கூடிக் காற்று பலமாக அடித்தால் தகரம் நகரும், அதோடு கோத்த கம்பி கார்புரேட்டர் தகட்டை மூடும். ஸ்பிரிங் அதே தகட்டைத் திறக்கப் பார்க்கும். இந்த இழுபறி இல்லாமல்தான் முதல் இரண்டு இன்ஜின்களும் வேகம் மீறி ராடு முறிந்து போயின.

எல்லாவற்றையும் அவர் கையாலேயே மாட்ட வைத்தாள். பிறகு இன்ஜினைக் கிளப்பினாள். திறந்து கிடந்த தகடு, யாரும் தொடாமலே, முக்கால்வாசி மூடிக்கொண்டது.

நாச்சிமுத்து மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்பிரிங்குக்கு பலம் ஜாஸ்தியா, காத்துக்கா, அக்கா?"

"எது ஜெயிச்சாலும் இன்ஜின் போயிருங்ணா."

"அப்ப இந்த லீவர்? அது வேகத்தைக் கூட்டலையா?"

"அது ஸ்பிரிங்க இழுக்குது. இவ்வளவு வேகம் வேணும்னு கேக்குது."

"கேட்டா?"

"கேக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுதுங்ணா."

வெள்ளிக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. மெஷின் நிற்கவில்லை, ஆனால் ஊஞ்சல் ஆடுவதுபோலச் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, பாதி மைதானம் பாக்கி, முதல்வர் வராந்தாவுக்கு வந்து நின்றுவிட்டார்.

லூர்துமேரி ஸ்கூட்டரில் போனாள். ஓட்டிக் காட்டச் சொன்னாள். மெஷின் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஸ்பிரிங் சரியான துளையில் இருந்தது. கம்பி வளையவில்லை. தகரத்தில் ஒரு புல் துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை.

வெயிலில் ஏதோ மின்னியது.

தூண்டில் நரம்பு. ஒரு முனை கம்பியில் கட்டியிருந்தது. கைப்பிடி நெடுகிலும் மேலே ஏறி, மறுமுனை நாச்சிமுத்துவின் ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றாக முடிந்தது.

"இது என்னங்ணா?"

அவர் வராந்தாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சும்மாதானுங்க. அதுக்கு ஒரு துணைக்கு. சத்தம் எறங்குனா ஒரு இழு இழுப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தாள். தான் அறுக்காமல் அவரிடம் நீட்டினாள்.

"அறுத்து, நின்னுடுச்சுன்னா?"

"நான் இங்கதானே இருக்கேன்."

அவர் அறுத்தார். இன்ஜினைக் கிளப்பித் தள்ளிக்கொண்டு நடந்தார். கோல் கம்பத்தை ஒட்டிப் புல் மிக அடர்த்தியாக இருந்தது.

மெஷின் உள்ளே நுழைந்தது. சத்தம் தாழ்ந்தது.

நாச்சிமுத்துவின் விரல் வெடுக்கென்று மடங்கியது. அதில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

சத்தம் ஏறி, பழைய இடத்துக்கு வந்து, அங்கேயே நின்றது.

வராந்தாவில் கதவு சாத்திக்கொண்டது. முதல்வர் உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. மடங்கிய விரலை மெதுவாக நீட்டினார்.