அசையாத பயாஸ்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நாலு. இதிலேயே பாதிக் கதை வந்துவிட்டது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். குரு நிலோஃபர், ஒரு காலத்தில் சீடர் ஆறுமுகநயினாரிடம் இன்ஜினியரிங் படித்தவர். முனைவர் பட்டம் இல்லாவிட்டால் துறைத்தலைவர் நாற்காலி இல்லை என்று கல்லூரி நிர்வாகம் சொன்னதும், ஆறுமுகநயினார் ஊர் ஊராக வழிகாட்டி தேடினார். கடைசியில் மதுரையில் பழைய மாணவியின் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தார். விதி யாரை விட்டது.

குரு உள்ளே வந்தால் சீடர் எழுந்து நிற்பார். சார் நிற்கிறாரே என்று குருவும் உட்கார மாட்டார்.

"நீங்க உக்காருங்க சார்."

"மொதல்ல நீங்க உக்காருங்க மேடம்."

மூன்று வருட ஆராய்ச்சியும் நின்றபடியேதான் நடந்தது.

சீடர் வடிவமைத்தது செல்போன் சிப்புக்கான ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர். வருகிற சிக்னலை அது பத்து மடங்கு பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்ப வேண்டும். சிறிதோ பெரிதோ, எல்லாவற்றுக்கும் அதே பத்து. அவருடையது சின்ன சிக்னலுக்கு ஒழுங்காகப் பத்து மடங்கு கொடுத்தது. பெரிய சிக்னல் வந்தால் கூரையில் தலை இடித்ததுபோல ஆறோடு நிறுத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் சிப் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு எட்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் அவருடைய ஆய்வுக் காலம் முடிந்துவிடும், நாற்காலியும் போய்விடும். அன்று செவ்வாய்.

"பயாஸப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் குரு.

பயாஸ் என்பது வேறொன்றும் இல்லை. சிக்னல் வரும்போது டிரான்சிஸ்டர் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்று முன்கூட்டியே கொடுத்து வைக்கும் மின்னழுத்தம்.

"அதுல யாரும் குறை சொல்ல முடியாது மேடம். வெயில் அடிச்சாலும் சரி, பேட்டரி இறங்கினாலும் சரி, எவ்வளவு பெரிய சிக்னல் வந்தாலும் சரி, மயிரிழை நகராது. மேருமலை!"

"அதான் சார் பயமா இருக்கு."

சீடர் யோசித்தார். புதன்கிழமை பயாஸை ஒரேயடியாக ஏற்றி வைத்தார். பெரிய சிக்னலுக்கும் பத்து மடங்கு வந்தது. ஆனால் சிக்னலே இல்லாதபோதும் சிப் கொதித்தது.

"கிராஃபுல கோடு நேரா வந்துருச்சு மேடம்!"

"இந்த ஃபோன வச்சு பேசணுமா, சட்டை தேய்க்கணுமா சார்?"

வியாழன் காலை வேறொன்று செய்தார். வெளியே போகிற சிக்னல் குறைந்தால், அதைப் பார்த்து பயாஸ் ஏறும்படி வைத்தார். பயாஸ் ஏறியது. அது ஏறி முடிப்பதற்குள் பெரிய சிக்னல் போய்விட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"என்னதான் செய்யணும்? வாயத் திறந்து சொல்லிருங்க மேடம்," என்றார் சீடர்.

"வாங்க சார், தோசை சாப்பிடலாம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை மேடம்!"

"தோசை ஆகுறதுக்கு அஞ்சு நிமிஷம்தான்."

மாடிப்படிக்குக் கீழே கேன்டீன். பாக்கியம் அக்கா தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருந்தார். ஆளில்லாத நேரம் என்பதால் அடுப்பு சிறு தீயில் இருந்தது. இருவருக்கும் தோசை வந்தது. அதை எப்படியும் நின்றுகொண்டுதானே சாப்பிட வேண்டும், அந்த மட்டில் நிம்மதி.

மேலே வகுப்பு விட்ட மணி அடித்தது. படியில் தடதடவென்று சத்தம். பாக்கியம் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்பின் குமிழைத் திருப்பித் தீயைக் கூட்டினார். நாற்பது பேர் வந்து மொய்த்தார்கள். முதல் தோசையும் நாற்பதாவது தோசையும் ஒரே முறுகல். கூட்டம் கலைந்ததும் தீ மறுபடி சிறுத்தது.

சீடருக்குக் கை பாதியில் நின்றது.

"கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஏன் தீயக் கூட்டுனீங்க அக்கா?"

"படியில சத்தம் கேட்டுச்சுல்ல. இவய்ங்களுக்கு மாவு ஊத்த ஊத்த கல்லு ஆறிரும். ஆறுனப்புறம் தீயக் கூட்டுனா தோசை வராது, கல்லுதான் வரும்."

"அப்ப எப்பவுமே பெருந்தீயா வச்சுரலாமே?"

"கேஸு உங்க வீட்லருந்தா வருது?"

சீடர் தோசையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். குரு அந்தத் தோசையையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குத் திரையில் கோடு நேராக நின்றது. சிக்னல் நுழைகிற வாசலிலேயே ஒரு சின்னச் சுற்று உட்கார்ந்து அதன் அளவைப் பார்த்தது. பெரிதாக வந்தால் கூடவே பயாஸை ஏற்றியது, போனதும் இறக்கியது. சின்னதற்குப் பத்து மடங்கு. பெரியதற்கு ஒன்பதே முக்கால். சிப்பும் சூடாகவில்லை. வரைபடம் போய்ச் சேர்ந்தது, நாற்காலி தப்பியது.

ஆறுமுகநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடமாக நடத்துகிற பாடம் இன்றைக்குத்தான் அவருக்கே புரிந்தது.

"இத நீங்க எங்க மேடம் கத்துக்கிட்டீங்க?"

"உங்க கிளாஸ்லதான் சார். ரெண்டாம் வருஷம்."

"நான் இத நடத்தவே இல்லையே!"

"நடத்தல. ஓம் விதி என்னன்னு யாராவது கேட்டா ரெண்டு பீரியட் விளக்குவீங்க. நான் ஒருநாள் எழுந்து, 'சிக்னல் பெருசாகும்போது பயாஸும் கூடவே ஏறக் கூடாதா சார்'ன்னு கேட்டேன்."

சீடர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"'சிலபஸ்ல இல்ல, உக்காரு'ன்னீங்க."

சீடர் தன் நாற்காலியை இழுத்து வந்து, கைக்குட்டையால் துடைத்து, குருவின் பக்கத்தில் போட்டார்.

"இப்பவாவது உக்காருங்க மேடம்."

குரு உட்கார்ந்தார்.

"பதில் வந்துருச்சுல்ல சார், உக்காரலாம்."